அடையாற்றுக் கோப்புகள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் குடியிருக்கும் என் சித்தி, டாக்டரிடம் புறப்படும்போதெல்லாம் பாண்டி பஜார்த் துணிக்கடைப் பை ஒன்றை மறவாமல் எடுத்துக்கொள்வாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டிய எக்ஸ்ரே படங்கள், கோடுகள் மங்கி வெறுந்தாளாகிவிட்ட ஈஸிஜி நாடாக்கள் யாவும் அதற்குள்தான் வாசம். ஒருநாள் அந்தப் பை ஆட்டோவோடு போய்விட்டது. முன்பு அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்ததற்கு, "அந்த வருஷத்து ஃபைலெல்லாம் கழிச்சாச்சே, மாமி" என்று பதில் வந்தது. நோயின் சரித்திரத்தை ஆஸ்பத்திரி அலமாரி காப்பாற்றும் என்று நம்பாமல், அதை நோயாளியே தோளில் சுமந்து திரிவதுதான் இந்நகரத்தின் நெடுநாளைய சம்பிரதாயம்.

அச்சம்பிரதாயத்துக்கு விலக்காக நின்ற ஸ்தாபனம் அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அவ்விடத்தில், அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் நோயாளியின் கோப்பை அவர் வீடு திரும்பிய தினத்தோடு மூடிக் கட்டிவிடவில்லை. ஐந்து வருஷம் கழித்தும் அவர் ஜீவித்திருக்கிறாரா என்பது தெரிந்தாலன்றிச் செய்த சிகிச்சை பலித்ததா என்று சொல்வதற்கில்லை. ஆகவே வராதவருக்குக் கடிதம் போயிற்று, கடிதத்துக்குப் பதில் இல்லையேல் ஆளே வீடு தேடிப் போனார்.

இந்தச் சிரத்தைதான் பிற்பாடு நகரம் முழுமைக்கும் விரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ், 1982 முதல் சென்னைவாசிகளுக்கு வரும் புற்றுநோய் ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் பதிவேட்டை இந்நிலையம் ஏற்றது. புற்றுநோயை அரசுக்கு அறிவித்தாகவேண்டும் என்ற சட்டம் அப்போது கிடையாது. எனவே பதிவாளர்கள் தாமே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறியிறங்கி, ஏடுகளைப் புரட்டி எழுதிக்கொண்டு, மாநகராட்சியின் மரணப் பதிவுகளோடும் ஒப்பிட்டார்கள். ஒப்பிடுவதுதான் எவ்வளவு கஷ்டம்! ஓரிடத்தில் 'கே. லக்ஷ்மி', இன்னோரிடத்தில் 'லட்சுமி அம்மாள்'. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல். திண்டிவனத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவரோ தி. நகர் மைத்துனர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துச் சென்னைவாசியாகிவிடுவார். ஒருவரையே இருவராக எண்ணாமலும், வெளியூராரை உள்ளூராராக்காமலும் சலித்தெடுத்த அந்தக் குமாஸ்தா வேலையை, சாந்தா அம்மையார் பெற்ற 2005-ஆம் வருஷத்து மக்சேசே விருதுக்கு ஒரு படியேனும் கீழாக மதிக்க என் மனம் ஒப்பவில்லை.

அது காகித ஏடுகளின் காலம். பின்னர் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கான நியமங்களை மத்திய அரசு 2013-இல் வகுத்து 2016-இல் திருத்திற்று. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்குமாகத் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் ஒருவருக்கு 14 இலக்க 'ஆபா' எண் ஒன்றைத் தருகிறது. ஏடுகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்க, நோயாளி சம்மதித்தால் ஒன்றிலுள்ளதை மற்றொன்று பார்க்கலாம் என்பது ஏற்பாடு. இரண்டு லக்ஷ்மிகள் ஒருவரா இருவரா என்று அறிய இந்த எண் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வராத லக்ஷ்மியைத் தேடிப் போகிற காரியம் எண்ணுக்கு உரியதன்று.

சித்திக்கும் அந்த எண் வாங்கியாயிற்று. தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் அதை எழுதிப் புதிய துணிக்கடைப் பை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறாள். ஓடிபி மட்டும் பெங்களூரில் இருக்கும் மகனின் செல்போனுக்குப் போகிறது. அவன் மீட்டிங் முடிந்து எடுக்கும்வரை கவுண்டரில் காத்திருக்கவேண்டும்.