சுடிர்மானின் 'லாடாங்'

தீபாவளிக்கு முந்தின நாள் நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும். வானொலியில் சுடிர்மான் வந்துவிடுவார். 'பாலேக் கம்போங்'. நோன்புப் பெருநாளுக்கும் அதே பாட்டுதான். எந்தப் பண்டிகையின் பெயரும் அதில் கிடையாது, ஊருக்குப் போகிறவனின் மனசு மட்டும்தான். அதனால்தான் எல்லாருக்கும் பொருந்துகிறது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

சுடிர்மான் அர்ஷாட் 1954இல் பகாங், தெமெர்லோவில் பிறந்தவர். 1976இல் 'பிந்தாங் ஆர்டிஎம்' போட்டியில் வென்றார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆனார். 1989இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஆசிய அளவிலான விருது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த விருதில் போய் நின்றுவிடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு மூன்று ஆண்டு முந்தைய விஷயம். 1986 ஏப்ரலில் கோலாலம்பூரின் சௌகிட் சாலையை மூடி, நடுத்தெருவில் மேடை போட்டுப் பாடினார். லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். சந்தை வியாபாரிகளும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் புழங்கும் தெரு அது. அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு பாட்டும் பாடியிருந்தார். பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரிந்த குரல். தெருவுக்கு இறங்கிப் போவது நம்ம கூத்துக்காரர்களுக்குப் புதுசில்லை. உச்சத்தில் இருக்கிற பாப் பாடகர் போவது வேறு.

'பாலேக் கம்போங்'குக்கே திரும்புகிறேன். வழியில் தெரியும் பச்சையைச் சொல்லும்போது மலைக்கும் காட்டுக்கும் நடுவில் 'லாடாங்' என்று ஒரு சொல் வரும். பல வருஷம் கேட்டும் அது என் காதில் விழவில்லை. மலாயில் அது பயிர் செய்கிற நிலம். நமக்கு அது எஸ்டேட் வாசலில் இருந்த பெயர்ப்பலகை. பாடுகிறவன் கம்போங்குக்குப் போகிற வழியில் ஜன்னலோரம் கடந்துபோகிற பச்சைதான் எங்க ஊரே. பாட்டில் நாம் இருக்கிறோம், காட்சியாக.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெமெர்லோ பையனின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். 1992 பிப்ரவரியில், 37 வயதில் அவர் இறந்தபோது தெமெர்லோவிலேயே அடக்கம் செய்தார்கள். அதே பத்தாண்டில்தான் அப்பா பிறந்த தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானது. லயமும் இல்லை, கோயிலும் இல்லை.

போன வருஷம் அந்தப் பாட்டு வந்ததும் சானலை மாற்றப் போனேன்.

"இருக்கட்டும்யா," என்றார் அப்பா. "டோல் தாண்டுற வரைக்கும் ஓடட்டும்."

டோலுக்கு அந்தப் பக்கம்தான் தோட்டம் இருந்தது.