லானி தாம்சன்

லானி தாம்சன் (பிறப்பு 1948) அமெரிக்க நிலவியலாளர். வெப்பமண்டல மலையுச்சிகளின் பனியிலிருந்து பழங்காலத் தட்பவெப்பத்தைப் படித்தறிந்த முன்னோடி. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த இவர் நிலக்கரி நிலவியல் பயிலவே ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வந்த இடத்தில் பனியாய்வுக்கு மாறி, 1976இல் முனைவரானார். மனைவி எலன் மோஸ்லி-தாம்சன் துருவப் பனியை ஆராய்பவர்.

பனியைத் துளைப்போர் கிரீன்லாந்தையும் அண்டார்க்டிகாவையுமே நாடிய காலத்தில், 1974இல் தாம்சன் பெரு நாட்டின் குவெல்காயா பனிக்கவிப்புக்குச் சென்றார். அதன் விளிம்பில் பனி செங்குத்துச் சுவராக நிற்கும். மழைக்காலப் பனி வெண்மையாகப் படிய, வறண்ட மாதங்களின் புழுதி அதன்மேல் கோடு இழுத்துவிடும். கோட்டுக்குக் கோடு ஓராண்டு. அடுக்கின் தடிமன் அவ்வாண்டுப் பனிப்பொழிவைச் சொல்லும். ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் வெப்பநிலைக்குத் தடயம்.

ஆனால் உயரம் சுமார் 5,670 மீட்டர். 1979இல் கனத்த துளைப்பொறியை ஏற்றிவந்த ஹெலிகாப்டர் மெல்லிய காற்றில் இறங்க முடியாமல் திரும்பியது. 1983இல் பாகம் பாகமாகப் பிரித்துச் சுமந்து சென்ற பொறியைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டி, பாறை தட்டும்வரை 150 மீட்டருக்கும் மேல் துளைத்தனர். உறைந்தபடி கீழே கொண்டுவர வழியில்லை. எடுத்த பனியை அங்கேயே வெட்டி, உருக்கி, புட்டிகளில் அடைத்தனர். சுமார் 1,500 ஆண்டு வரலாறு அப்படித்தான் இறங்கி வந்தது.

பின்னர் திபெத், பெருவின் உவாசுகரான் சிகரம், கிளிமஞ்சாரோ எனப் பணி விரிந்தது. கிளிமஞ்சாரோவின் பனி 2015-2020க்குள் மறையும் என்று 2002இல் கணித்தார். அந்தக் கெடு கடந்தும் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது, சுருங்குவதோ நிற்கவில்லை.

குவெல்காயாவிலிருந்து வழியும் கோரி காலிஸ் பனியாறுதான் இவர் நெடுங்காலம் அளந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 6 மீட்டர் பின்வாங்கியது, 1990களிலிருந்து சுமார் 60 மீட்டராயிற்று. பனி விலகிய இடத்தில் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் புதைந்திருந்த செடிகள் வெளிப்பட்டன. முன்பு பனி நின்ற பள்ளத்தில் ஏரி தேங்கியது. இப்படிப்பட்ட ஏரிகள் பெருவில் வெறும் காட்சியல்ல: 1941இல் பால்காகோச்சா ஏரி கரையுடைந்து உவாராஸ் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது.

2012இல் இதயமாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாம்சன், மூன்றே ஆண்டுகளில் திபெத்தின் குலியா பனிக்கவிப்புக்குத் திரும்பினார். பல மலைகளில் துளைத்தெடுத்த பனியுருளைகள் ஓகையோவின் கொலம்பஸ் நகரில் சுழியத்துக்கும் வெகு கீழான உறைகிடங்கில் உள்ளன. குவெல்காயாவின் உருளைகளும் அவற்றில் உண்டு. 2003இல் மீண்டும் துளைத்தபோது அவை உறைந்தபடியே வந்து சேர்ந்தன.