அடுப்பு மூட்டாத காலை

காலத்தைச் சுருக்கிச் சமைக்கும் கலை இந்நூற்றாண்டின் நகரங்களில் தோன்றியது என்பர். மலாயாவின் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் அதனை முன்னரே அறிந்திருந்தனர்.

1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. பின்னர்ப் பெருகிய ரப்பர்த் தோட்டங்கள், அங்கு உழைக்க வந்த தமிழரின் உணவு வேளையையும் மாற்றின. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலின் மரம் வெட்டும் வேலை விடியற்பொழுதிலேயே தொடங்கிற்று. அதற்கும் முன்னர்ப் பெரட்டுக்கு வந்து நிற்றல் வேண்டும். விறகு மூட்டி உலை வைக்க நேரமேது?

ஆகவே, இரவில் கூடுதலாக வடித்த சோற்றில் நீரூற்றி வைத்தனர். விடிவதற்குள் அது நொதித்துப் புளிப்பேறியது. உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர, உணவு ஆயத்தமாயிற்று. கருவாடோ ஊறுகாயோ துணை நின்றது. எஞ்சியது தூக்குச்சட்டியில் நிரைக்குச் சென்றது.

தாயகத்து உழவர் வழக்கத்தைப் புதிய மண்ணின் வேலை நேரத்திற்கு ஏற்ப ஆண்ட திறம் இது. வறுமையின் அடையாளமென்று ஒதுக்குதல் முறையன்று. ஆயினும், மிச்சமான நாழிகை அப்பெண்ணுக்கு ஓய்வாக அமையவில்லை. ஆணினும் குறைந்த கூலிக்கு அவள் செய்த வேலையிலேயே கரைந்தது. தோட்ட வரலாறு எழுதுவோர் ரப்பர் விளைச்சலோடு அந்த நாழிகையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.