அரைக்கால் அங்குலம்

1925 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். நமக்குத் தீபாவளி மாதிரி, அன்று அங்கே ஆளாளுக்கு எதையாவது வெடிப்பார்கள். எல்மர் கீத் என்ற 26 வயது இளைஞரும் தன் கோல்ட் ரிவால்வரை எடுத்துச் சுட ஆரம்பித்தார். திடீரென்று காதை அடைக்கிற சத்தம், கண்முன்னே ஒரு தீப்பொறி. பழக்கதோஷத்தில் கட்டைவிரல் தானாகவே ஹாமரை மறுபடி இழுத்துவிட்டது. பிறகுதான் துப்பாக்கியைப் பார்த்தார். சிலிண்டரில் மூன்று அறைகளின் மேல்பாதியைக் காணோம். அதற்கு மேலே இருந்த இரும்புப் பட்டையும் பறந்துவிட்டது. கீத்துக்குக் காது ரீங்காரம் போட்டதோடு சரி. அதிர்ஷ்டசாலி!

அந்தத் தோட்டா கடையில் வாங்கியதல்ல, அவரே கையால் நிரப்பியது. ரைபிளுக்கு வார்க்கிற கனமான ஈயக் குண்டை ரிவால்வருக்குத் தோதாக அளவு குறைத்துப் போட்டிருந்தார். வேறு யாராவது என்றால் அன்றோடு அந்தப் பொழுதுபோக்குக்கே கும்பிடு போட்டிருப்பார்கள். இவரோ நடந்ததை அப்படியே 'அமெரிக்கன் ரைபிள்மேன்' பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அதே வருடம் அது அச்சாகியது. அவருடைய எழுத்து வாழ்க்கையின் ஆரம்பமே அந்த வெடிப்புதான்.

யார் இந்த கீத்? 1899இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மொன்டானாவில் வளர்ந்து, பிற்பாடு ஐடஹோவில் குடியேறியவர். குதிரை, மாடு, வேட்டை, இதுதான் வாழ்க்கை. சிறுவனாக இருந்தபோது குடும்பம் தங்கியிருந்த விடுதி தீப்பிடித்து, உடம்பெல்லாம் வெந்துபோனது. இடது கை கோணிக்கொண்டது. மடங்கி ஒட்டிப்போன விரல்களைப் பெற்றோரே உடைத்து நிமிர்த்திக் கட்டினார்கள் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். (படிக்கும்போதே நமக்கு வலிக்கிறது.) அந்தக் கையோடுதான் மனிதர் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி பிடித்தார்.

அவருக்கு ஆரம்பப் பாடம் எடுத்தவர்கள் 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கிழவர்கள். பாடப்புத்தகம், 1851 மாடல் கோல்ட் நேவி ரிவால்வர். இது முன்பக்கமாக மருந்து கெட்டிக்கும் வகை. நம்மூர் நாட்டுத் துப்பாக்கிக்கு வாய்வழியாகக் கெட்டிப்பார்களே, அதே வேலையை இங்கே சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். முதலில் கருமருந்து. அதன்மேல் ஈயக் குண்டை வைத்துப் பேரலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தவேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு செப்புத் தொப்பி. பொம்மைத் துப்பாக்கியில் பொட்டு வெடி வெடிப்பது போல, ஹாமர் தட்டினால் இது வெடித்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். குண்டுக்கு மேலே கொழுப்பைத் தடவுவதும் உண்டு. இல்லாவிட்டால் ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி, இரண்டு மூன்று சேர்ந்து வெடிக்கும் அபாயம்!

இவ்வளவு தொல்லைக்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. பித்தளைத் தோட்டாவைப் பின்னாலிருந்து போடும்படி சிலிண்டரை முழுக்கத் துளைக்கும் யோசனைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை வாங்கிவிட்டார். அதை எடுத்துக்கொண்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் ராயல்டி. காப்புரிமையை மீறுகிறவர்கள்மேல் வழக்குப் போடும் செலவு மட்டும் வைட் தலையில்! (ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் முழுசாகப் படிக்கவேண்டும் என்பது இதற்குத்தான்.) 1869இல் காப்புரிமை காலாவதியாகும் வரை மற்ற அமெரிக்க கம்பெனிகள் பெரும்பாலும் பழைய முறையிலேயே ஓட்டவேண்டியிருந்தது.

அந்தப் பழைய முறையில் ஒரு நல்ல குணமும் இருந்தது. கருமருந்து இடத்தை அடைக்கும். அறை நிறைந்துவிட்டால் அதற்குமேல் போடமுடியாது. நல்ல இரும்பாக இருந்தால், கொள்ளளவே பெரும்பாலும் பாதுகாப்பு வரம்பு. 1884இல் பிரான்சில் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. புது மருந்து கொஞ்சம் போட்டாலே வேகம் வந்துவிடும். கருமருந்துக்காகச் செய்த பெரிய பித்தளைக் கூட்டில் இதைப் போட்டால் பாதிக்கு மேல் காலி. தவறிப்போய் இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது. சுடும்போதுதான் தெரியும்!

அப்படியானால் கையால் நிரப்புவானேன்? முதல் காரணம் காசு. தோட்டாவில் விலை கூடிய பாகம் பித்தளைக் கூடுதான், அது திரும்பத் திரும்ப உபயோகப்படும். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, உப்பிய கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தை எடைபோட்டு ஊற்றி, வீட்டிலேயே வார்த்த குண்டைச் சொருகி, கூட்டின் வாயை இறுக்கிவிட்டால் புதுத் தோட்டா. எடைபோட கிரெய்ன் என்ற அளவு; ஒரு கிராமுக்கு 15க்கும் மேல் கிரெய்ன். அந்தத் துல்லியத்தில்தான் கை விரல்கள் தப்பிப்பது இருக்கிறது. இரண்டாவது காரணம், கம்பெனிக்காரன் தராததைத் தானே செய்துகொள்ளலாம். கீத்தைப் பிடித்து ஆட்டியது இந்த இரண்டாவது.

வெடிப்புக்குப் பிறகு .45ஐ விட்டுவிட்டு .44 ஸ்பெஷலுக்கு மாறினார். சிலிண்டரின் வெளி அளவு அதேதான், ஆனால் உள்ளே துளை சின்னது. ஆகவே அறைச் சுவர் கொஞ்சம் தடிமன். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் அடுத்த முப்பது வருடம்! தட்டையான மூக்கும் கூரிய விளிம்பும் கொண்ட குண்டை அவரே வடிவமைத்தார். எடை 250 கிரெய்ன், அதாவது சுமார் இரண்டு பவுன். 1928இல் ஹெரால்ட் குராஃப்ட் என்ற இன்னொரு ரிவால்வர் பைத்தியம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஓரிகன் மாநிலத்தில் இருந்த கீத்தின் பண்ணை வரைக்கும் வந்து சேர்ந்தார். இருவரும் கலந்து பேசியதில் பிறந்ததுதான் 'ஐந்தாம் நம்பர்' என்ற புகழ்பெற்ற ரிவால்வர்.

தன் தோட்டாவை ஒரு கம்பெனி தயாரித்து விற்கவேண்டும் என்று கீத் எழுதாத வருடம் இல்லை. கேட்டது 250 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 1200 அடி வேகம். கம்பெனிகள் தயங்கியதிலும் நியாயம் இருந்தது. கீத்துக்குத் தன் துப்பாக்கி எது, அதன் பலம் எவ்வளவு என்று தெரியும். பெட்டியில் போட்டு விற்றால்? யாரோ ஒருவர் தாத்தா காலத்து .44இல் அதைப் போடுவார். அது வெடித்தால் அவர் கண் போகும், கம்பெனி பேர் போகும். "பழைய துப்பாக்கியில் போடாதீர்" என்று பெட்டியில் அச்சடித்தால் எல்லோரும் படிப்பார்களா என்ன?

கடைசியில் கிடைத்த தீர்வு ரொம்ப எளிமையானது. பித்தளைக் கூட்டை அரைக்கால் அங்குலம் நீட்டிவிட்டார்கள். ஸ்பெஷல் கூடு 1.16 அங்குலம், புதியது 1.285. நீளமான தோட்டா பழைய சிலிண்டருக்குள் முழுசாகப் போகாது, போகாவிட்டால் சுடவும் முடியாது. புதிய துப்பாக்கியில் பழைய தோட்டாவைத் தாராளமாகப் போடலாம். 1935இல் .357 மேக்னம் வந்தபோதே கையாண்ட வழி இது. ரெமிங்டன் தோட்டாவைச் செய்ய, கார்ல் ஹெல்ஸ்ட்ரோம் தலைமையில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரைச் செய்ய, 1955 முடிவில் .44 மேக்னம் தயார். கீத் கேட்டதைவிடவும் வேகம் அதிகம். 1971இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்தது இந்த ரிவால்வர்தான். படம் ஓடியதும் கடைகளில் கிராக்கியான கிராக்கி!

கீத்துக்கு எதிரிகளும் உண்டு. சின்னக் குண்டு, அதிவேகம் என்று வாதிட்ட பேராசிரியர் ஜாக் ஓ'கானரோடு பல வருடம் பத்திரிகைச் சண்டை. வேறொருவர் காயப்படுத்திய மானை 600 கஜ தூரத்தில் .44 மேக்னத்தால் அடித்ததாக கீத் எழுதியதை இன்றுவரை நம்பாதவர்கள் உண்டு. கைத்துப்பாக்கியால் 600 கஜம் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். 1979இல் வந்த சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பு, "அட, நான் அங்கேதானய்யா இருந்தேன்!" என்ற பொருளில்.

1984இல் கீத் காலமானார். அவருடைய துப்பாக்கிகள் 2015இல் ஏலத்துக்கு வந்தன. ஐந்தாம் நம்பரும் அந்தக் கூட்டத்தில் இருந்தது.