தெரிஞ்சு வாங்கினவர்: அமெரிக்க வீட்டோடு வரும் காகிதக் கட்டின் கதை

அக்கா மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். போன வருஷம் அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு காண்டோ வீடு பார்த்தார்கள். விலை பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆன பிறகு ஒரு ராத்திரி போன் பண்ணினாள்.

"மாமா, அசோசியேஷன்லேருந்து ஒரு பி.டி.எஃப். வந்திருக்கு. முந்நூறு பக்கத்துக்கு மேல. வேண்டாம்னா மூணு நாளுக்குள்ள சொல்லிடணுமாம். எதைப் படிக்கணும், எதை விட்டுடலாம்?"

நான் வக்கீல் இல்லை. பழைய பத்திரங்களையும் தீர்ப்புகளையும் படிப்பதில் ஆசை உள்ள ஆள், அவ்வளவுதான். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத் தேட ஆரம்பித்தது, இந்தக் கட்டு எப்படி உருவானது என்ற கேள்வியில் கொண்டுபோய் விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அங்கே பல குடியிருப்புகளில் வீடு உங்களுடையது. சாலை, கூரை, லிஃப்ட், நீச்சல்குளம் பொது. பொதுவானதைப் பராமரிக்க வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும். எச்.ஓ.ஏ. என்பார்கள். வீட்டை வாங்கினாலே நீங்கள் உறுப்பினர். சேர மாட்டேன் என்று சொல்ல முடியாது. மாதச் சந்தா கட்டாவிட்டால் சங்கம் வீட்டின் மேலேயே உரிமை கோரலாம். பல மாநிலங்களில் ஏலம்வரைக்கும் போகலாம். அந்தச் சங்கத்தின் விதிகள், பட்ஜெட், சேமிப்பு நிதி, காப்பீடு, நடக்கும் வழக்குகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த பி.டி.எஃப்.

நம்ம ஊரில் வீடு வாங்கும்போது 'வில்லங்கம் பார்த்தாச்சா?' என்று கேட்போம். வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் இதுவரை பதிவானதைச் சொல்லும். இந்தக் கட்டு, இனிமேல் வரப்போவதையும் சொல்ல வேண்டும். இந்த 'சொல்ல வேண்டும்' என்பது வந்து சேர ரொம்ப காலம் ஆனது.

கதை அமெரிக்காவில் அல்ல, லண்டனில் தொடங்குகிறது. 1808-இல் டல்க் என்பவர் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் இருந்த தோட்டத்தை விற்றார். வாங்குபவர் அதில் கட்டடம் கட்டக் கூடாது, தோட்டமாகவே பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை. தோட்டம் கைமாறிக் கைமாறி மாக்ஸே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். கட்டடம் கட்டக் கிளம்பினார். டல்க் வழக்குப் போட்டார். 1848-இல் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்புச் சொன்னார்: நிபந்தனை இருப்பது தெரிந்து வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர். கட்டுப்பாடு இருப்பதால் குறைந்த விலைக்கு வாங்கி, மறுநாளே கட்டுப்பாடு இல்லாததுபோல் அதிக விலைக்கு விற்பது நியாயமில்லை என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். கையெழுத்துப் போட்டது யாரோ. கட்டுப்படுவது நீங்கள். ஏன்? உங்களுக்குத் 'தெரியும்' என்பதால். இன்று நம் கைக்கு வரும் காகிதக் கட்டின் வேர் இதுதான். அது உங்களைக் காப்பாற்றுவதற்காக மட்டும் வரவில்லை. 'இவருக்குத் தெரிவித்தாகிவிட்டது' என்று உங்களைக் கட்டவும்தான் வருகிறது.

லண்டன் வழக்கு 'கட்டாதே' என்ற தடையைப் பற்றியது. 'பணம் கட்டு' என்பதும் இப்படியே நிலத்தோடு போகுமா? நியூயார்க்கின் கடற்கரைப் பகுதியான நெப்பான்சிட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. 1917-இல் மனை விற்ற கம்பெனி, சாலை, பூங்கா, கடற்கரை பராமரிப்புக்காக ஒவ்வொரு மனைக்கும் வருஷத்துக்கு 4 டாலருக்கு மிகாமல் ஒரு கட்டணம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. பின்னாளில் அதில் ஒரு சொத்தை நீதிமன்ற ஏலத்தில் ஒரு வங்கி எடுத்தது. அந்தக் கட்டணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. கேட்கும் சங்கத்துக்கோ, விற்ற கம்பெனியின் நிலம் எதுவும் வந்திருக்கவில்லை. அது மனைக்காரர்களின் சங்கம், அவ்வளவுதான். 1938-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. வடிவத்தைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் பொருளைப் பார். சங்கம் கேட்பது உரிமையாளர்களுக்காகத்தான் என்றது. இன்றைய மாதச் சந்தாவுக்குப் பின்னால் அந்த 4 டாலர் நிற்கிறது.

இதே கருவி என்னென்ன செய்ய வல்லது என்பதைச் செயின்ட் லூயிஸ் நகரம் காட்டியது. 1911-இல் ஒரு தெருவின் 39 உரிமையாளர்களில் 30 பேர் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். 50 வருஷத்துக்கு அந்த வீடுகளில் கறுப்பினத்தவரோ 'மங்கோலிய' இனத்தவரோ குடியிருக்கக் கூடாது. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே வாங்கும்போது அவர்களுக்குத் தெரியாது. அதுவும் வழக்கில் பதிவாகியிருக்கிறது. இருந்தும் மிசூரி மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் தடுக்கச் சொன்னது. 1948 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இப்படிப்பட்ட நிபந்தனைக்கு எந்த மாநில நீதிமன்றமும் கை கொடுக்கக் கூடாது என்றது. லெஸ்டர் சதுக்கத் தீர்ப்பு வந்து சரியாக நூறு வருஷம்.

1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு அந்த வரிகள் முழுக்கச் செல்லாதவை. ஆனால் காகிதத்திலிருந்து அவை தானாக அழிந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட ஆவணங்களைக் கொடுக்கும்போது, 'இன அடிப்படையில் ஏதாவது தடை இருந்தால் அது செல்லாது' என்ற முகப்புப் பக்கத்தோடு கொடுக்கச் சொல்கிறது சட்டம். நம் பிள்ளைகள் வாங்கும் பழைய பகுதி வீடுகளின் கட்டிலும் அந்தப் பக்கம் இருக்கலாம். பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் யாருக்காக அச்சடித்த பக்கம் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, காண்டோவுக்கு வருவோம். 1958-இல் போர்ட்டோ ரிக்கோ அடுக்குவீட்டு உரிமைக்கு ஒரு சட்டம் செய்தது. 1961-இல் அமெரிக்க மத்திய அரசு காண்டோ கடன்களுக்கு உத்தரவாதம் தர முன்வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன. கூடவே ஃபுளோரிடாவில் ஒரு தந்திரமும் வளர்ந்தது. வீட்டை விற்ற பில்டர், நீச்சல்குளத்தையும் கிளப் கட்டடத்தையும் தானே வைத்துக்கொண்டு, சங்கத்துக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடுவார். விலைவாசி ஏற ஏறக் குத்தகையும் ஏறும். ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போடுவது யார்? அப்போது சங்கத்தைக் கையில் வைத்திருந்த அதே பில்டர். ஓய்வூதியத்தில் வாழ வந்த வயசானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1975-இல் ஃபுளோரிடா இந்த ஏறும் குத்தகையைத் தடை செய்தது. மறுவருஷமே மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்தச் சட்டம் ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. கையெழுத்துப் போட்டவர் போட்டவர்தான்.

இந்த மாதிரி அடிகளுக்குப் பிறகுதான் 'முதலிலேயே சொல்லிவிடு' என்ற சட்டங்கள் வலுத்தன. 1974-இல் வர்ஜீனியா தன் காண்டோ சட்டத்தைப் புதிதாக எழுதியது. 1977-இல் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்று வந்து, 1980-இல் திருத்தப்பட்டது. அதில் மறுவிற்பனைச் சான்றிதழ் என்று ஒன்று. எனக்கு அதில் பிடித்த வரி இது: சான்றிதழில் காட்டிய பாக்கிக்கு மேல் ஒரு காசும் புதிதாக வாங்குபவரிடம் சங்கம் கேட்க முடியாது. அதுவரை காகிதம் வாங்குபவரை மட்டும் கட்டியது. இப்போது எழுதிக் கொடுத்தவரையும் கட்டியது.

ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற பேச்சு மட்டும் எடுபடவே இல்லை. 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் கல்வர் சிட்டியில், 530 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில் நார்ஸ்டெட் என்ற பெண்மணி மூன்று பூனைகளோடு குடிவந்தார். பூனை, நாய் கூடாது என்பது விதி. சங்கம் அபராதம் போட்டது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகள், யாருக்கும் தொந்தரவில்லை, விதி இருப்பதே தெரியாது என்று வாதாடினார். 1994-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிகள் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கின்றன. பதிவானால் தெரிந்த மாதிரிதான். பிறகு சட்டமன்றம் ஒரு செல்லப் பிராணிக்காவது இடம் கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. அதுவும் 2001-க்குப் பிறகு எழுதின, திருத்தின விதிகளுக்குத்தான்.

கடைசியாக சர்ஃப்சைட். மயாமி பக்கத்தில் 1981-இல் கட்டிய 12 மாடி, 136 வீடுகள் கொண்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 2018-இல் ஒரு பொறியாளர், நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட்டில் பெரிய சேதம் என்று அறிக்கை கொடுத்தார். 2021 ஏப்ரலில் சங்கம் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு முடிவெடுத்தது. சராசரியாக வீட்டுக்கு 1.1 லட்சம் டாலர். முதல் தவணை ஜூலை 1. ஜூன் 24 அதிகாலையில் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள்.

அப்படிப்பட்ட பொறியாளர் அறிக்கையை வாங்குபவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அன்று ஃபுளோரிடா சட்டம் சொல்லவில்லை. 2022-இல் மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள காண்டோ கட்டடங்களில் பழையவற்றுக்குக் கட்டாய ஆய்வும், எல்லாவற்றுக்கும் கட்டுமானச் சேமிப்பு நிதிக் கணக்கும் வந்தன. அவற்றை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பதும் வந்தது. கட்டில் மேலும் சில பக்கங்கள் கூடின. அந்தப் பக்கங்களின் விலை என்ன என்று நமக்குத் தெரியும்.

இப்போது அக்கா மகளுக்கு. "பின்னாடியிலேருந்து படிம்மா" என்றேன். முதலில் கூட்டக் குறிப்புகள். அடுத்து சேமிப்பு நிதிக் கணக்கு. பிறகு பட்ஜெட், வழக்குகள், காப்பீடு. விதிகளைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

இரண்டாம் நாள் கூப்பிட்டாள். சான்றிதழில் 'சிறப்பு வசூல்: எதுவும் இல்லை' என்று இருந்தது. ஆனால் நாலு மாதத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி: கட்டடம் முழுக்கத் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்கு மதிப்பீடு வாங்கியாயிற்று, அடுத்த கூட்டத்தில் பேசலாம். சேமிப்பு நிதியில் அதற்குப் பணம் இல்லை. சான்றிதழ் பொய் சொல்லவில்லை. இன்னும் தீர்மானம் ஆகாததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். மேலாளருக்கு எழுதிக் கேட்டாள். 'சங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று பதில்.

மூன்றாம் நாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். முன்பணம் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்குத்தான் வருத்தம். கைவிட்டுப் போன நாலாவது வீடு அது. பத்து நாளில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அவர்கள் அந்த ஒரு வரியைப் படித்தார்களா, தெரியாது. படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் குழாய்ச் செலவில் அவர்கள் பங்கு அவர்கள் தலையில்தான்.

அவள் இப்போது வேறு இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பி.டி.எஃப். வந்தால் கூட்டக் குறிப்பை மட்டும் முதலில் தனியாக எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.