அருவியாறு காட்டிய வழி

மன்னார் பெருநிலத்தில், மதவாச்சி வீதியின் அருகே, கடல்போல் விரிந்து கிடப்பது கட்டுக்கரைக் குளம். மாரிமழை ஓய்ந்தபின் சிறு தோணியில் இதன்மீது செல்பவர், நீரில் நிற்கும் மரங்களையும் தொலைதேசத்திலிருந்து வந்து தங்கும் பறவைகளையும் கண்டு மகிழ்வர். 1954-ஆம் ஆண்டில் இது புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயின் தோணியில் உலாவுவோர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று, இக்குளத்துக்கு நீர் வரும் வழியில் இருக்கின்றது.

அவ்வழி அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இது, அநுராதபுரத்தின் அருகாக ஓடி, 164 கிலோமீற்றர் கடந்து, அரிப்பை அடுத்த கரையில் கடலோடு கலக்கின்றது. தேக்கம் என்னுமிடத்தில் ஆற்றை மறித்த அணையிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் கட்டுக்கரையை அடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பாய்ந்து, வயல்களை விளைவிக்கின்றது. 5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் இக்குளத்தை அமைத்தான் என்பர். பிற்காலத்தில் உடைந்து காடு மண்டிக் கிடந்த குளம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் திருத்தப்பட்டது.

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. அப்பொருளுக்குச் சான்றாக நின்றவர் இருவர். தமிழ் அறியாத ஆங்கிலேயர்.

1660-ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பல் தங்கியது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் மாலுமிகள் பலரும், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் மாண்டார். மகனைச் சங்கிலியால் பிணைக்கவில்லை, ஊரில் வாழவிட்டனர், நாட்டைவிட்டு நீங்க மட்டும் விடவில்லை. அவர் தொப்பி பின்னி விற்றார். நெல் கடன் கொடுத்தார். ஆண்டுகள் பத்தொன்பது கழிந்தன.

தப்புவதற்கு வழி தெரியவேண்டும். வழியை எவரிடமேனும் கேட்டாலோ கருத்து வெளிப்பட்டுவிடும். ஆகவே நொக்ஸும் அவர் தோழர் ஸ்ரீபன் றட்லண்டும் சில்லறை வணிகர் போல் வடக்கே பலமுறை சென்று, இடங்களை மெல்ல அறிந்துகொண்டனர். 1679-ஆம் ஆண்டு ஒக்டோபரில், அநுராதபுரத்தை அடைந்தபின், இரவோடிரவாகக் காட்டுக்குள் மறைந்து ஆற்றங்கரையைப் பிடித்தனர்.

அவர்களிடம் தோணி இல்லை. முள் கிழிக்க, யானையும் முதலையும் அச்சுறுத்த, ஆற்றோரமாகவே நடந்தனர். இரவில் விலங்குகளை விலக்கத் தீ மூட்டினர். மனிதர் நடமாட்டம் விலங்கினும் அஞ்சத்தக்கதாக இருந்தது; ஊர்க்குரல் கேட்டால் ஒளிந்தனர். தமிழர் வாழும் வன்னிப் பகுதியில், மரத்தடியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்தணர் இருவரைச் சந்தித்தனர். இன்று தேக்கம் உள்ள இடத்தையும் அவர்கள் கடந்திருத்தல் வேண்டும். ஒக்டோபர் 18-ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அங்கிருந்து மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாக 1680-இல் தாயகம் சேர்ந்தனர். மறு ஆண்டில் வெளிவந்த நொக்ஸின் நூல், அக்கால இலங்கை மக்களின் உழவு, உணவு, வழக்கங்களை அறிய இன்றும் உதவுகின்றது.

ஆற்றை வழித்துணையாகக் கொண்டது அவர்தம் அறிவு. ஆறு எவரையும் யாரென வினவாது, எவரையும் காட்டிக்கொடாது, கடலைச் சேராமல் நிற்பதுமில்லை.

இன்று ஒரு நாட்பொழுதில் கட்டுக்கரையின் அணைக்கட்டில் புறப்பட்டு, தேக்கத்தைக் கண்டு, மாலையில் அரிப்புக் கோட்டையின் இடிபாடுகளைச் சென்றடையலாம். முதலைகள் இன்றும் உண்டாதலின், இடமறிந்த மீனவர் துணையின்றி நீரில் இறங்குதல் தகாது. அன்று இருவர் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த வழியில், நாம் பறவைகளைப் பார்த்தபடி செல்கின்றோம். விரும்பியபோது புறப்பட்டு விரும்பியபோது வீடு திரும்பும் அவ்வுரிமை, பத்தொன்பது ஆண்டுகள் ஒருவர் ஏங்கிய செல்வம் என்பதை, தோணியில் அமர்ந்திருக்கும் சிறுவர்க்குப் பெரியோர் சொல்லுதல் நன்று.