இடி, மின்னல், புளியறை வளைவு

1983-ல் ரெண்டு கார்கள் வந்தன. மே மாதம் ஜப்பானில் டொயோட்டா ஒன்றை வெளியிட்டது. டிசம்பர் 14-ம் தேதி இங்கே இந்திரா காந்தி மாருதி 800-இன் முதல் சாவியை ஒருத்தர் கையில் கொடுத்தார். மாருதி நம்மூர் ரோட்டையே மாற்றிய கதை எல்லாருக்கும் தெரியும். இந்தக் குறிப்பு அந்த இன்னொரு காரைப் பற்றியது. அது இந்தியாவில் ஷோரூமில் விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆனா எங்க தென்காசிப் பக்கத்துப் பையன்கள்கிட்ட 'ஏஇ86' என்று சொல்லிப் பாருங்க, முகம் மலர்ந்துவிடும்.

முதலில் பெயர். 'ஏ' என்பது என்ஜின் வரிசை, 'இ' என்றால் கொரோல்லா குடும்பம், 8 அந்தத் தலைமுறைக்கான எண், 6 அதற்குள் ஒரு வகை. ஜப்பானியர்கள் 'ஹச்சி ரோகு' என்பார்கள், எட்டு ஆறு, அவ்வளவுதான். ரெண்டு உருவத்தில் விற்றார்கள். கொரோல்லா லெவின், ஸ்ப்ரின்டர் ட்ரூனோ. லெவின் என்றால் பழைய ஆங்கிலத்தில் மின்னல், ட்ரூனோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் இடி. ட்ரூனோவுக்கு மட்டும் தேவைப்படும்போது எழும்பி வரும் ஹெட்லைட்.

உண்மையில் இது கம்பெனியின் புதுமைக்கு அடையாளமான கார் இல்லை, மிச்சம்னுதான் சொல்லணும். அதே தலைமுறையில் மற்ற கொரோல்லாக்கள் எல்லாம் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. இந்த ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு மட்டும் முந்தைய தலைமுறையின் பின்சக்கர அமைப்பையே வைத்துக்கொண்டார்கள். பின்னாடி ஒரே துண்டு ஆக்சில், நம்ம அம்பாசடர் மாதிரி. மேலே உட்கார வைத்த என்ஜின்தான் புதுசு: 1587 சிசி, 16 வால்வு, மேலே ரெண்டு கேம்ஷாஃப்ட். கேட்டலாக்கில் 130 குதிரைத்திறன் என்று போட்டார்கள். வண்டியின் எடை சுமார் 940 கிலோ. 1987-ல் உற்பத்தி நின்றது. அடுத்த லெவின் முன்சக்கர வண்டியாகவே வந்தது.

பின்சக்கரம் ஏன் இவ்வளவு முக்கியம்? வளைவுக்குள் நுழையுமுன் பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். பின்சக்கரங்கள் லேசாகிப் பிடி தளரும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் வெளியே வழுக்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பின்சக்கரத்தைச் சுழல விட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்தால், வழுக்கல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். டிரிஃப்ட் என்பது இதுதான். முன்சக்கர வண்டியில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே சக்கரங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துப் பின்பக்கத்தை ஒரு தடவை வீசலாம், ஆனால் ஆக்சிலரேட்டரால் அதைத் தொடர முடியாது. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வாடகைக் காரில் வந்து, காலி இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்கள் செய்வது டிரிஃப்ட் இல்லை. டயர் தேய்மானம்.

இந்த வித்தையைப் பந்தயத்தில் காட்டியவர் என்று ஜப்பானியர்கள் முதலில் சொல்வது குனிமிட்சு தகஹாஷியை. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து காருக்கு வந்தவர். 1970-களில் அவர் வளைவுகளை வழுக்கிக்கொண்டே கடந்ததைப் பார்த்து வளர்ந்தவர் கெய்ச்சி சுச்சியா. மலைப்பாதைகளில் ராத்திரி ராத்திரியாக ஓட்டிப் பழகியவர். 1987-ல் வந்த 'ப்ளஸ்பி' என்ற வீடியோ, சுச்சியாவையும் அவருடைய ஹச்சி ரோகுவையும் ஒரு தலைமுறைக்கே காட்டிக்கொடுத்தது. அதிக பவர் இல்லாத வண்டி என்பதுதான் இங்கே விஷயம். ஏற்றத்தில் பெரிய என்ஜின் ஜெயிக்கும். இறக்கத்தில் பூமியே இழுக்கிறது, அங்கே லேசான வண்டியும் ஓட்டுகிறவன் காலும்தான் கணக்கு.

1995-ல் ஷுயிச்சி ஷிகெனோ 'இனிஷியல் டி' என்ற படக்கதைத் தொடரை ஆரம்பித்தார். அப்பாவின் டோஃபு கடைச் சரக்கை விடியற்காலையில் மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும் பையன், அதே ட்ரூனோவில் எல்லாரையும் முந்துகிறான். 2013 வரை ஓடிய தொடர். வேலைக்காக ஓட்டியவன்தான் வித்தைக்காரன் ஆகிறான் என்பது எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புளியறை ஞாபகம் வருகிறது.

செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லம் ரோட்டில் போனால் வயல்களுக்கு அப்புறம் புளியறை. செக்போஸ்ட்டைக் கடந்ததும் மலை ஆரம்பம், 'எஸ்' வளைவு, மேலே கோட்டைவாசல், அதற்கப்பால் ஆரியங்காவு. ஏறுகிற லாரியில் காய்கறி, வைக்கோல், எம்-சாண்ட். இறங்குகிறது பெரும்பாலும் காலி வண்டி. லாரியும் பின்சக்கர வண்டிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. லோடு இல்லாத லாரியில் பின் ஆக்சில் மேல் பாரம் கிடையாது. ஆனி, ஆடிச் சாரலில் ரோடு நனைந்திருக்கும்போது இறக்கத்தில் வேகமாகப் பிரேக் அடித்தால், மேலே சொன்ன அதே கணக்கு வேலை செய்யும்: பாரம் முன்னால், பின்பக்கம் வெளியே. ஜப்பான் பையன்கள் தேடிப் போன வழுக்கலும் நம்ம டிரைவர் அண்ணாச்சிகள் பயப்படுகிற வழுக்கலும் ஒன்றேதான். அதனால்தான் அனுபவசாலிகள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, என்ஜின் பிடியிலேயே இறங்குவார்கள். பிரேக்கைத் தொட்டால் தொட்டுவிட்டு விடுவார்கள். அந்தக் கால் கணக்கை யாரும் படக்கதையாக வரையவில்லை.

சரி, நம்மிடம் ஏன் ஒரு ஹச்சி ரோகு வரவில்லை? பின்சக்கர வண்டிக்கா பஞ்சம்? அம்பாசடர், பத்மினி, சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, எல்லாமே பின்சக்கரம்தான். இல்லாதது என்ஜின். 1489 சிசி அம்பாசடர் என்ஜின் சுமார் 50 குதிரைத்திறன்தான் தரும். 1984-ல் வந்த கான்டெஸாவுக்கும் முதலில் அதையே மாட்டினார்கள், இசுசு 1.8 லிட்டர் என்ஜின் பிறகுதான் வந்தது. லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டி இல்லை, புது என்ஜின் செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. வேகத்தின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் கூட்டம் கூட்டமாகப் பந்தயம் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் கையாலேயே பந்தயக் கார்கள் கட்டினார். அந்த ஆசைக்குக் கடையில் வாங்கக்கூடிய ஒரு வண்டி மட்டும் கிடைக்கவில்லை.

இலங்கைக்காரர்களுக்கு அந்த வருத்தம் குறைவு. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் அங்கே தாராளமாக இறங்கின. ஏஇ86 எந்த அமைப்பை வாங்கிக்கொண்டதோ, அதே பழைய கொரோல்லாவின் வேகன் அங்கே 'டிஎக்ஸ் வேகன்' என்ற பெயரில் வீட்டு வண்டியாக ஓடியது. நம்மூர் விதியோ, மூணு வருஷத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய விடாது. 1987-ல் நின்றுபோன வண்டிக்கு அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது.

2012-ல் டொயோட்டா, சுபாருவோடு சேர்ந்து '86' என்ற பெயரிலேயே ஒரு புதுப் பின்சக்கரக் கார் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் ரெண்டு பழைய ஹச்சி ரோகுக்களை மாற்றி நிறுத்தினார்கள். ட்ரூனோ ஹைட்ரஜனில் ஓடும், அதில் என்ஜின் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. லெவினில் பேட்டரி. சத்தம் இல்லை, ஆனா கிளட்ச்சையும் கியரையும் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.